ராகுகாலம் மறிச்ச கார்

போன வருசம் ஆனி மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், இந்தக் குளிர்தேசத்து விட்பியிலை, எங்கடை வீட்டு ட்ரைவ்வேயிலை நடந்தது இது. ஒரு கார் வித்த கதைதான். ஆனால் கார் வித்த கதை எண்டு நான் ஆருக்கும் சொல்லத் தொடங்கினால் என்ரை மனுசன் எழும்பி அங்காலை போயிடுவார். அவருக்கு அது மகளைக் கட்டிக்குடுத்த மாதிரி.

கார் எண்டால் இப்பத்தைய கார் இல்லை. ஐம்பதுகளிலை அமெரிக்காவிலை செய்தது. ரெண்டே ரெண்டு கதவு. பின் சீற்றிலை ஏறவேணுமெண்டால் முன் சீற்றை மடிச்சுவிட்டு, சீலையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு, குனிஞ்சு வளைஞ்சு உள்ளுக்குப் போகவேணும். டோர்செட் பார்க் அப்பார்ட்மென்ற்றை விட்டு நாங்கள் இஞ்சை வீடு வாங்கி வந்த புதிசிலை, ஆரோ ஒரு பண்ணைக்காரரின்ரை கொட்டிலுக்கை கறள் பிடிச்சுத் துருவேறிக் கிடந்ததை இவர் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். கோழி படுத்த காரை ஆரும் வாங்குவினமோ எண்டு கேட்டன். பகிடிக்கில்லை, பின் சீற்றிலை கோழிச் செட்டை கிடந்தது.

இவர் ஒரு பாக்ரறியிலை மெசின் ஓடுறவர். வேலையாலை வந்து சாப்பிட்ட கையோடை கராஜுக்கை போயிடுவார். எத்தினை விண்டர் அப்பிடிப் போச்சுதோ தெரியாது. என்ரை கூழ்ச் சட்டியிலை மண்ணெண்ணெய் விட்டு ஆணியளை ஊறப்போட்டதுக்கு நான் கொஞ்ச நாள் முகம் குடுத்துக் கதைக்கேல்லை. ஆனால் கடைசியிலை அது ஓடிச்சுது. பச்சை உடம்பு, வெள்ளைக் கூரை, கண்ணாடி மாதிரி மினுங்கிற பம்பர். கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சந்தனம் குங்குமம் வைச்சு, ரயருக்குக் கீழை தேசிக்காய் நசிச்சு எடுத்த அண்டைக்கு, சனம் சாமியை விட்டிட்டுக் காரைத்தான் சுத்தி வந்தது.

பிறகு இவருக்குத் தோள்மூட்டு ஒப்பரேசன். அந்தக் காரின்ரை ஸ்ரியரிங்கை ஒற்றை விரலாலை திருப்பேலாது, ரெண்டு கையாலையும் மல்லுக்கட்டவேணும். டொக்டர் இனி உது வேண்டாம் எண்டிட்டார். அதுக்குப் பிறகு இவர் காரை வெளியிலை எடுக்கேல்லை. பின்னேரத்திலை கராஜ் கதவைத் திறந்துபோட்டு, சீற்றிலை இருந்து எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டிட்டு வருவார். எனக்கு அதைப் பாக்க நெஞ்சு தாங்காது. நிண்டு கறள் பிடிக்கிறதைவிட ஆரும் ஓடட்டும், ஆடி பிறக்க முன்னம் குடுத்துப்போடுவம் எண்டு நான்தான் நச்சரிச்சன். இவர் ஒரேயொரு நிபந்தனை போட்டார். வாங்கிற ஆள் அதை ரோட்டிலை ஓடவேணும்.

எங்கடை மகள் இன்ரநெற்றிலை விளம்பரம் போட்டாள். பொம்பிளை பாக்க வந்த மாதிரி ஆக்கள் வந்தினம். ஒருத்தர் எஞ்சினைக் கழட்டி எறிஞ்சுபோட்டு பற்றறி பூட்டப்போறாராம். எங்கடை தமிழ் ஆள் ஒருத்தர், கலியாணவீட்டு வீடியோ எடுக்கிறவர், கூரையை வெட்டிவிட்டால் மாப்பிளையும் பொம்பிளையும் எழும்பி நிண்டு கை காட்டலாம் எண்டார். இவர் அந்த ஆளுக்குத் தண்ணிகூடக் குடுக்கேல்லை.

அந்த ஞாயிறு வந்தவர் ஒரு வெள்ளைக்காரர். வடக்குப் பக்கமிருந்து, இளைப்பாறின மனுசன், மெல்லக் கதைக்கிறவர். பெரிய பிக்கப் ட்ரக்குக்குப் பின்னாலை கார் ஏத்திற ட்ரெயிலர் ஒண்டு கொழுவிக்கொண்டு வந்தார். ட்ரெயிலரைக் கண்டதும் இவருக்கு முகம் சுருங்கிச்சுது. ஓடுவீங்களோ எண்டு கேட்டார். ஓமோம், கட்டாயம் எண்டு அந்தாள் சொன்னார். விலையும் பேசி, கையும் குடுத்தாச்சு. இவர் திறப்பை, அதுதான் கார்ச் சாவியை, குடுக்கக் கை நீட்டேக்கைதான் நான் மணியைப் பாத்தன். நாலரை தாண்டிட்டுது.

ஞாயிறு நாலரை தொடக்கம் ஆறு ராகுகாலம் எண்டு நித்திரையிலை கேட்டாலும் சொல்லுவன். நான் இவரின்ரை கையைப் பிடிச்சிட்டன். "இஞ்சேருங்கோ, இப்ப குடுக்காதையுங்கோ." இவர் என்னை ஒரு பார்வை பாத்தார். "உமக்கென்ன விசரே, மனுசன் ட்ரெயிலரோடை நிக்கிறார்." விசரோ பைத்தியமோ, கோழிச் செட்டையிலை தொடங்கின காரை நான் ராகுகாலத்திலை அனுப்பமாட்டன். அந்தாளிட்டை எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசிலை சொன்னன்: இது கூடாத நேரம், இப்ப ஒண்டும் தொடங்கப்படாது, ஆறு மணி மட்டும் இருந்து ரீ குடியுங்கோ. சிரிப்பார் எண்டு நினைச்சன். அவர் தொப்பியைக் கழட்டிப்போட்டு, தன்ரை தகப்பனும் வெள்ளிக்கிழமையிலை வள்ளம் இறக்கமாட்டார் எண்டு சொல்லிக்கொண்டு கதிரையை இழுத்துப்போட்டு இருந்திட்டார்.

கிழங்குக் கறி வைச்சுச் சுருட்டி உறைப்பாய் றோல்ஸ் பொரிச்சன். வடை சுட்டன். அந்தாள் கண்ணிலை தண்ணி வரவரச் சாப்பிட்டார், ஆனால் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. வாய்க்கு ருசி பட, கதையும் வந்துது. தன்னட்டை இப்பிடிக் கொஞ்சக் கார் நிக்குதாம். பெரிய கொட்டில் கட்டி, எல்லாத்துக்கும் சீலை போட்டு மூடி வைச்சிருக்கிறாராம். ஓடுறேல்லையோ எண்டு நான் கேட்டன். ஓடினால் பெறுமதி குறைஞ்சிடும் எண்டார். தன்ரை மனுசியும் அந்தக் கொட்டிலுக்கை கால் வைக்கிறேல்லையாம்.

எனக்கு அடுப்படியிலை நிக்கேலாமல் போச்சு. ஓமோம் எண்டது ஒரு மரியாதைக்குச் சொன்ன ஓம். இவர் கையிலை திறப்பை உருட்டிக்கொண்டு நிலத்தைப் பாத்துக்கொண்டிருந்தார். கை குடுத்த பிறகு இல்லையெண்டு சொல்லுற மனுசன் இல்லை இவர். பாவி நான்தான் அவசரப்படுத்தினன். ஒரு கொட்டிலுக்கையிருந்து மீட்ட காரை இன்னொரு கொட்டிலுக்கை தள்ளுறம்.

அந்தாள் அதைக் கவனிச்சாரோ, இல்லாட்டி இருந்து அலுத்துப்போச்சோ தெரியாது. நேரம் போகட்டும், ஒரு சுத்துப் போய் வருவமோ, அதுவும் கூடாதோ எண்டு என்னைக் கேட்டார். வாங்கி விக்கிறதுதான் கூடாது, ஊர் சுத்திறதுக்கு ராகு ஒண்டும் செய்யமாட்டார் எண்டு நானே ஒரு தீர்ப்புச் சொன்னன். அந்தாள் ஸ்ரியரிங்கிலை, இவர் பக்கத்திலை, நான் குனிஞ்சு வளைஞ்சு பின்னாலை. அப்பதான் யோசிச்சன், இத்தினை வருசத்திலை இவர் தன்ரை காரிலை சும்மா இருந்து போனதேயில்லை.

முதல் சந்தியிலையே எஞ்சினை நிப்பாட்டிப்போட்டார் அந்தாள். கியரோடையும் ஸ்ரியரிங்கோடையும் மல்லுக்கட்டி வேர்த்துப்போனார். இவர் மெல்ல மெல்லச் சொல்லிக்குடுத்தார். ஏரிக்கரை ரோட்டுக்கு வர கார் பிடி குடுத்திட்டுது. கண்ணாடி எல்லாம் இறக்கிவிட்டிருந்தம், நல்ல காத்து. அந்தாள் விசிலடிக்கத் தொடங்கினார். இவர் டாஷ்போர்ட்டிலை உள்ளங்கையை வைச்சு எஞ்சினைக் கேட்டுக்கொண்டு வந்தார். முகத்திலை ஒரு சிரிப்பு. ஒப்பரேசனுக்குப் பிறகு நான் காணாத சிரிப்பு. சிக்னலிலை பக்கத்துக் காரிலை இருந்த பெடியள் ஆவெண்டு பாத்துக் கைதட்டினாங்கள். அந்தாள் தன்ரை கார் மாதிரிக் கை காட்டிப்போட்டு, பிறகு வெக்கப்பட்டு, விரலாலை இவரைக் காட்டினார். எனக்குக் கண் கலங்கிட்டுது.

ஆறு மணிக்கு வீட்டை வந்து சேரேல்லை, ஏழு தாண்டிட்டுது. இறங்கி வந்த அந்தாள் ட்ரெயிலரைக் கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு நிண்டார். பிறகு, பிக்கப்பும் ட்ரெயிலரும் வாற ஞாயிறு மட்டும் இஞ்சை நிக்கலாமோ எண்டு கேட்டு, தான் இதை ஓடிக்கொண்டே வீட்டை போகப்போறதாய்ச் சொன்னார். இவர் உள்ளுக்குப் போய், கோயில் நூல் கட்டி வைச்சிருந்த மற்றத் திறப்பையும் கொண்டுவந்து கையிலை குடுத்தார். கார் வளைவிலை திரும்பின பிறகும் சத்தம் கேக்குமட்டும் ரெண்டுபேரும் நிண்டம்.

உள்ளுக்கு வந்து தண்ணி குடிக்கேக்கை பிரிஜ்ஜிலை ஒட்டியிருந்த கோயில் கலண்டரைப் பாத்தன். என்ரை நாலரை ஊரிலை ஆறு மணிக்குச் சூரியன் மறையிற கணக்கு; இஞ்சை கோடையிலை சூரியன் மறைய ஒன்பது மணியாகும், அதுக்கு ஏத்தமாதிரிக் கணிச்சதாம். அண்டைக்கு ராகுகாலம் தொடங்கினதே ஏழு மணிக்குத்தான். நான் நல்ல நேரம் முழுக்க அந்தாளை மறிச்சு வைச்சு, சரியாய் ராகுகாலத்திலை காரைக் குடுத்து அனுப்பியிருக்கிறன். இவருக்குக் காட்டினன். ஒருக்கால் வாசிச்சுப்போட்டு, "ஆருக்கும் சொல்லிப்போடாதையும்" எண்டிட்டுச் சிரிச்சார்.

ஒரு கிழமையாய் ட்ரெயிலர் வாசலை அடைச்சுக்கொண்டு நிண்டுது, பக்கத்து வீட்டுக்காரர் முறைச்சினம். அடுத்த ஞாயிறு சத்தம் ரெண்டு தெரு தள்ளிக் கேக்கவே இவர் ரீக் கோப்பையோடை ரோட்டுக்கு ஓடினார். அந்தாளுக்குப் பக்கத்திலை அவரின்ரை மனுசி, தலையிலை துணி கட்டிக்கொண்டு, சிரிச்சபடி. காரின்ரை முன்பக்கம் முழுக்கப் பூச்சி அடிச்சுக் கிடந்தது, ரயர் எல்லாம் புழுதி. ஒரு விரல் அடையாளத்தையும் பொறுக்காத என்ரை மனுசன், அதைத் தடவிப் பாத்தார், துடைக்கேல்லை. மணி நாலே முக்கால். கூடாத நேரம் எண்டு தெரிஞ்சுதான் வந்தனாங்கள், றோல்ஸ் இருக்கோ எண்டு அந்தாள் கேட்டார். போகேக்கை அந்தாள் பிக்கப்பையும் ட்ரெயிலரையும் எடுக்க, காரை அவரின்ரை மனுசிதான் ஓடிக்கொண்டு போனா.

இப்பவும் நான் நேரம் பாக்கிறனான்தான், கோயில் கலண்டரிலைதான் பாக்கிறன். ஆனால் ஆரும் அவசரமாய்ப் போக வெளிக்கிட்டு, எங்கடை வீட்டிலை ஒருத்தற்றை முகம் வாடிக்கிடக்கிறதைக் கண்டால், கலண்டரைப் பாக்காமலே "இப்ப ராகுகாலம், இருந்து ஒரு ரீ குடிச்சிட்டுப் போங்கோ" எண்டு சொல்லிப்போடுவன்.