க்ரோம்பேட்டையில் ஏறுபவளுக்கு ஒரு கர்ச்சீப்

தாம்பரத்தில் காலி ரயில் வந்து நிற்கும்போது ஒரு வாசனை வரும்... இரும்பும் மல்லிகைப்பூவும் யாரோ ஒருத்தியின் டிபன் பாக்ஸ் சாம்பாரும் கலந்த வாசனை. லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் ஏறியதும் என் முதல் வேலை, பக்கத்து சீட்டில் கர்ச்சீப் போடுவது.

அது ஷமீமாவுக்கு. அஸ்தினாபுரத்துக்காரி, ஆபீஸ் தோழி, க்ரோம்பேட்டையில் ஏறுவாள். சானடோரியத்தில் ஏறுகிறவர்கள் முறைப்பார்கள். கர்ச்சீப்பைத் தொட்டால் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்!

இரண்டாயிரங்களின் நடுவில் கம்பெனி எங்கள் இருவரையும் பெல்ஜியத்துக்கு அனுப்பியது. ஊர் சுற்ற இங்கிருந்தே ஒரு ரயில் பாஸ் வாங்கிப் போனோம். பல நாடுகளுக்கு ஒரே பாஸ். இரண்டு பேர் சேர்ந்து எடுத்தால் விலை குறைவு. ஒரே காகிதம், இரண்டு பெயர். ஆனால் பிரிந்து போனால் செல்லாது.

"நம்ம சீசன் டிக்கெட் மாதிரிதாண்டி," என்றாள் ஷமீமா. கடைசிவரை அதற்குச் சீசன் என்றுதான் பெயர்.

வேக ரயிலில் ரிசர்வேஷனுக்குத் தனிக்காசு. ஊர் ஊராக நிற்கும் ரயிலில் அது கிடையாது. பிறகென்ன... ரொட்டியும் அவள் அம்மா கொடுத்தனுப்பிய தக்காளித் தொக்குமாக மெதுவாகவே போனோம். எல்லை தாண்டும்போது கோடு ஏதாவது தெரிகிறதா என்று ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு தேடுவேன். அதே புல், அதே மாடு. அறிவிப்பின் பாஷை மட்டும் மாறியிருக்கும்.

சுவிட்சர்லாந்தில் ஒரு ஸ்டேஷன். அடுத்த ஜங்ஷனில் ரயில் இரண்டாகப் பிரியும், பாதிப் பெட்டிகள்தான் இத்தாலி போகும் என்று யாரோ சொன்னார்கள்.

"நம்ம பெட்டி போகுதான்னு போர்டைப் பாத்துட்டு வரேன்," என்று இறங்கினாள்.

பழக்கதோஷம், அவள் சீட்டில் கர்ச்சீப் போட்டேன். கதவு தானாக மூடிக்கொண்டது. ரயில் கிளம்பிவிட்டது. நம்மூர் என்றால் ஓடிவந்து தொற்றிக்கொள்ளலாம்... அங்கே?

ஜன்னலில் எட்டிப் பார்த்தேன், பிளாட்பாரத்தில் அவளைக் காணோம். பாஸ் என்னிடம். அவள் போனும் என் பையில். அந்த நேரம் பார்த்தா டிக்கெட் பரிசோதகர் வர வேண்டும்! பாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இன்னொருவர் எங்கே என்றார்.

நான் கர்ச்சீப்பைக் காட்டினேன்.

சத்தியமாக வேறெதுவும் தோன்றவில்லை. மஞ்சள் பூப்போட்ட அந்தத் துணியை மனிதர் குனிந்து பார்த்தார்.

பின்னாலிருந்து மூச்சு வாங்கியபடி ஒரு குரல்... "கடைசி செகண்டுல வேற பெட்டில ஏறிட்டேண்டி! பயப்படாத, இது இத்தாலி பெட்டிதான்."

கர்ச்சீப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, க்ரோம்பேட்டையில் ஏறியவள் போல உட்கார்ந்தாள். எனக்கு அழுகை. அவருக்குச் சிரிப்பு.

ஷமீமா இப்போது கனடாவில். பெருநாளுக்கு ஒரு வீடியோ கால், அவ்வளவுதான். டிக்கெட்டெல்லாம் சீட் நம்பரோடு அவரவர் போனுக்கே வந்துவிடுகிறது. யாரும் யாரோடும் ஒட்டிக்கொண்டு திரிய வேண்டியதில்லை. வசதிதான்... ஆனாலும் மனசு அவளைத் தேடுகிறது.

போன வாரம் வெகுநாள் கழித்துத் தாம்பரத்தில் லோக்கல் ஏறினேன். கை தானாகப் பக்கத்து சீட்டில் கர்ச்சீப்பைப் போட்டுவிட்டது. க்ரோம்பேட்டையில் ஏறிய ஒரு பெண் கேட்டாள்.

"ஆன்ட்டி, இங்க யாராச்சும் வராங்களா?"

கூட்டத்தை ஒருமுறை பார்த்தேன்.

"இல்லம்மா... நீ உக்காரு."