எல்லா மூக்குக்கும் ஒரே துண்டு

கறக்க உட்காருமுன் ஒவ்வொரு மாட்டுக்கும் முகம் துடைத்துவிடுவாள். அதனால்தான் துண்டக்கா என்ற பெயர். ஒரு வெந்நீர் வாளி, தோளில் ஒரு துண்டு. கண்ணோரப் பீளை, நெற்றி, கடைசியில் மூக்கு. அப்படிச் செய்தால்தான் பால் இறங்கும் என்பது அவள் கட்சி. பதினெட்டு மாடுகளும் கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருக்கும்.

"எனக்கு ஒரு நாளாவது இப்படித் தொடச்சிவிட்டிருக்கியாக்கா?" என்பான் தம்பி.

"உனக்குத் தொடச்சா நீ பாலா தரப்போற?"

கறவை அக்காவுடையது, தீவனமும் மாடு வாங்குவதும் தம்பியுடையது. அப்பா விட்டுப்போன கொட்டகையைப் பதினோரு வருடம் இருவரும் இப்படித்தான் நடத்தினார்கள்.

ஒரு மழைக்காலத்தில் தம்பி ஒரு கறுப்பு மாட்டை வாங்கிவந்தான். புது மாட்டை மூன்று வாரம் தனியே கட்டச் சொல்லியிருந்தார் கால்நடை டாக்டர். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவள் துண்டக்காதான். பின்பக்கச் சாய்ப்பில் கட்டினாள். தனித் தொட்டி, தனிக் கயிறு, தனிப் பாத்திரம். அந்தப் பக்கம் போய்வந்தால் ரப்பர் பூட்ஸை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும்.

"மாடாக்கா அது, மந்திரியா? கிட்டப் போறதுக்கே இத்தனை கெடுபிடி!" என்ற தம்பி ஒன்றிரண்டு நாள் முக்காமலே நடந்தான். அவள் அதைப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டாள்.

பத்தாம் நாள் கொட்டகையில் முதல் இருமல் கேட்டது. நான்கே நாளில் பாதி மாடுகளுக்குக் காய்ச்சல். மூக்குத் தோல் ரத்தச் சிவப்பு. வாயிலிருந்து நூல் நூலாக எச்சில். டாக்டர் வைரஸ் என்றார்.

"பார்வைக்கு நல்லா இருக்கிற மாடுகூட மூச்சுலயும் சளியிலயும் பரப்பும்மா. வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. காய்ச்சலுக்குத்தான் ஊசி."

பால் பாதிக்கும் கீழே இறங்கியது. மற்றதெல்லாம் தேறிவந்த வேளையில், துண்டக்கா கன்றிலிருந்து வளர்த்த செவலை மாடு ஏழு மாதச் சினை கலைந்து கன்றை வீசிவிட்டது.

அன்று காலை பால் டிப்போவில் பத்துப் பேர் கேனோடு நிற்கையில் தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"பூட்ஸைக் கழுவ உனக்கு உடம்பு வளையல! ஒரு கன்னைக் கொன்னுட்டியேடா!"

தம்பி கேனை இறக்கி வைத்துவிட்டு நடந்தான். அடுத்த வாரம் கொட்டகை வேலையை விட்டு, டிப்போவின் பால் வண்டியை ஓட்டப் போய்விட்டான்.

மறு வருடம் தடுப்பூசி போட வந்த டாக்டர், கறவை முடியுமுன்னே வந்துவிட்டார். அவள் துடைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எல்லாத்துக்கும் ஒரே துண்டாம்மா?"

"தண்ணியில அலசிக்கிறேனே."

"அந்தக் கறுப்பு மாடு தனியா நின்னப்ப?"

"அதுக்கும்தான். புது இடம், மிரண்டுபோய் நின்னுச்சு, பாவம். முதல்ல அதுக்குத் தொடச்சிட்டுத்தான் இங்க..."

கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். டாக்டர் ஊசியில் மருந்து ஏற்றத் திரும்பிக்கொண்டார்.

"பூட்ஸாலயும் வந்திருக்கலாம்" என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் பால் எடுக்க வண்டி வாசலில் வந்து நின்றதும் தம்பியிடம் சொல்லிவிட்டாள். அவன் கேனைத் தூக்கியபடியே கேட்டான்.

"திட்டினது பத்துப் பேர் முன்னால. இதை மட்டும் என் காதுல சொல்றியாக்கா?"

அதற்கடுத்த நாள் டிப்போவுக்கு அவளே போனாள். வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, "போன வருஷம் எங்க மாடெல்லாம் இருமினதுக்கு இவன் காரணமில்ல. என் துண்டுதான்" என்றாள். எதைச் சொல்கிறாள் என்றே யாருக்கும் பிடிபடவில்லை. அவர்கள் அதை எப்போதோ மறந்திருந்தார்கள்.

"சரி, கேனை வைம்மா, பின்னால ஆள் நிக்குது" என்றார் பால் அளப்பவர்.

தம்பி வண்டியின் பின்கதவுச் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தான்.

"வந்துடேன்டா."

"வண்டி பழகிடுச்சுக்கா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. "செவலை மறுபடி சினை நின்னுச்சா?"

"நிக்கல."

இப்போது துண்டு கிடையாது. காலையில் அவள் காலடி கேட்டதும் மாடுகள் பழையபடி கழுத்தை நீட்டுகின்றன. வெறுங்கையோடு அவற்றைத் தாண்டிப் போய் உட்கார்ந்து கறக்கிறாள். பால் இறங்கத்தான் செய்கிறது.