தங்கச்சிக்குக் கிடைத்த கரடி

அந்தக் காலத்தில் புதுச்சேரியில் கரடியைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர் யாரும் கிடையாது. ஏழு வயதில் நான் அப்படித்தான் நம்பினேன். பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரி ஒரு கரடிப் படத்தைச் சுவரில் மாட்டி, ‘லூர்ஸ்’ என்று பிரெஞ்சில் எங்களைச் சொல்ல வைத்திருந்தார். கரடிக்குத் தேன் என்றால் உயிர், புற்றை உடைத்துக் கறையானை உறிஞ்சும், மரம் ஏறும், பனி விழும் சீமையில் குளிர்காலம் முழுக்கத் தூங்கும். தடுமாறாமல் ஒப்பித்த ஒரே பிள்ளை நான். ஆகையால் ஊருக்குள் எந்தக் கரடி வந்தாலும் அது என்னுடையது.

வந்தது. குருசுக்குப்பம் பக்கமிருந்து கரடிக்கார பாய் ஒருவர் அதை நடத்திக்கொண்டு எங்கள் தெருவுக்குள் நுழைந்தார். நிஜக் கரடி! கன்னங்கரேலென்று உடம்பு, மார்பில் வெள்ளைப் பட்டை, படத்தில் இல்லாத ஒரு நாற்றம். நகம் இவ்வளவு நீளம் என்று கன்னியாஸ்திரி சொல்லவே இல்லை. நான் ஓடிப்போய் முதல் ஆளாக நின்றேன். அம்மா தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள்.

பயந்த பிள்ளையைக் கரடி மேல் உட்காரவைத்தால் பயம் தெளியும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தங்கச்சிக்கு அடிக்கடி கண் செருகிக் கைகால் இழுத்துக்கொள்ளும்; எதையோ பார்த்துப் பயந்ததால் வந்தது என்றார்கள். எங்கள் இருவருக்கும் நடுவே பிறந்த தம்பி அப்படி ஒரு இழுப்பில்தான் போனானாம். அவன் முகம்கூட எனக்கு நினைவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், வீட்டில் முட்டை இருந்தால் அவளுக்கு, ஜன்னலோரப் படுக்கை அவளுக்கு, அம்மாவின் மடி அவளுக்கு. இப்போது கரடியுமா?

அம்மா முதலில் கரடியின் நெற்றியில் சிலுவை போட்டாள். பாய் பிஸ்மில்லா சொன்னார். கரடி இரண்டையும் பொறுத்துக்கொண்டது.

“ஏத்தும்மா, ஒண்ணும் செய்யாது,” என்றார் பாய்.

ஏற்றினாள். அந்தக் கழுதை என்ன செய்தாள் தெரியுமா? “வாணாம், நாயி, வாணாம்!” என்று ஊரைக் கூட்டினாள். நாயாம்! கரடிக்கும் நாய்க்கும் வித்தியாசம் தெரியாதவளுக்குச் சவாரி. பாடம் ஒப்பித்தவள் வேடிக்கை பார்க்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது. என்னை ஏற்றியிருந்தால் ரெட்டியார்பாளையம் வரைக்கும் போய்த் திரும்பியிருப்பேன்.

“எனக்கும்மா?” என்றேன்.

“உனக்கு என்னாடி கேடு? சும்மா இரு.”

ஓ, கேடு இருந்தால்தான் ஏற்றுவார்களா? அவ்வளவுதானே! நான் மண்ணில் விழுந்தேன். கண்ணைச் செருகி, பல்லைக் கடித்து, தங்கச்சிக்கு வருவது போலவே கைகாலை இழுத்துக்கொண்டேன். அவளைவிட நன்றாகவே செய்தேன் என்று இன்றைக்கும் சொல்வேன்.

அம்மா அலறிவிட்டாள். தங்கச்சியைப் பாய் பிடித்துக்கொள்ள, ஓடிவந்து என்னை வாரி எடுத்தாள். நான் ஒரு கண்ணை மட்டும் திறந்தேன்.

“இப்போ ஏத்துவியா?”

பளாரென்று ஒரு அறை. அம்மா என்னை அடித்தது அதுதான் முதல் தடவை. “இன்னொரு வாட்டி இப்படிச் செஞ்சேன்னா...” என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. என்னை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, கரடிக்குப் போட்ட மாதிரியே என் நெற்றியிலும் ஒரு சிலுவை போட்டாள். விரல் வெடவெடவென்று நடுங்கியதில் அது கோணலாக விழுந்தது.

கரடியைத் தொட்டதில் அம்மா பயந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். இனிப் பயம் தெளிய அவளையும் ஏற்றுவார்கள், எனக்கு முறை வரவே வராது என்று தேம்பித் தேம்பி அழுதேன்.