முதுகு நீருக்கு வைத்த பொட்டு

முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்துக்கொண்ட ஒருவரிடம் போய், "இன்னொருக்கா எடுக்கோணுமுங்க" என்று சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? நாமக்கல்லில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தபோது எனக்கு அந்த நிலைமை வரப் பார்த்தது. ஊசி என்றாலே கண்ணை மூடிக்கொள்ளும் உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

இரண்டு குழாய்

சங்ககிரி லாரி டிரைவர் ஒருவருக்குக் கால் மரத்து, ஒரு கண்ணும் மங்கிவிட்டது. மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்ற நரம்பு நோயோ என்று டாக்டருக்குச் சந்தேகம். முதுகு நீரும் எடுத்தார், ரத்தமும் எடுத்தார். சென்னையில் பெரிய பரிசோதனை நிலையத்தில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். நோய் எதிர்ப்புப் பொருள்கள் கோடு கோடாகத் தெரியும். முதுகு நீரில் இருக்கும் கோடு ரத்தத்தில் இல்லையென்றால் சந்தேகம் பலப்படும். மரவட்டை மாதிரிச் சுருண்டு ஊசி வாங்கியிருந்த டிரைவர், நான் விளக்கியதைக் கேட்டுவிட்டு மல்லாந்தபடியே சொன்னார்: "அப்ப எம்பட முதுகுக்கு எம்பட ரத்தமே எதிர்சாட்சிங்களா?"

பூஜை போட்ட தெர்மாஸ்

குழாய்களைச் சென்னைக்குக் கொண்டுபோக அவர் மச்சானின் லாரி தயார். அன்று ஆயுத பூஜை. நிலையத்துத் தெர்மாஸ் உடைந்து கிடந்ததால், என் மகள் பால் குடிக்கும் தெர்மாஸில் ஐஸ் போட்டு, குழாய்களை வைத்துக் கொடுத்தேன். அவளுக்குச் சோறூட்டிவிட்டு வந்து பார்க்கிறேன், லாரிக்குச் சந்தனம், தெர்மாஸுக்குச் சந்தனம், திறந்து உள்ளே இருந்த இரண்டு குழாய்க்கும் சந்தனம். ஒட்டியிருந்த சீட்டில் எழுத்தெல்லாம் கரைந்துபோயிருந்தது.

ரத்தத்திலும் சிவப்பைப் பிரித்துவிட்டு மேல்நீரை மட்டும்தான் குழாயில் விட்டிருந்தேன். எது முதுகு, எது ரத்தம்? மறுபடி அந்த மனுசனைச் சுருட்டவா? வெயிலில் தூக்கிப் பிடித்தேன். ஒன்று குழாய்த் தண்ணீர் மாதிரித் தெளிவு. மற்றது இளமஞ்சள், அதுதான் தெளியவைத்த ரத்தநீர். உயிர் வந்தது. துடைத்து, பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதினேன். மச்சான் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை: "பொட்டு வெக்காத சாமான எங்க வண்டியில ஏத்தறதில்லீங்க."

திரும்பி வந்த தெர்மாஸ்

முதுகு நீரில் மட்டும் கோடு இருந்தது. டாக்டர் சந்தேகப்பட்டது சரிதான். மருந்து கொடுத்தார், கால் கொஞ்சம் தேறியது. தெர்மாஸைக் கொடுக்க டிரைவர் தானே நடந்து வந்தார். அதன் மேல் புதுப் பொட்டு, உள்ளே ஒரு எலுமிச்சம்பழம். "பாப்பாளுக்கு இதுலயே பால் ஊத்துங்க சாமி, ராசியான தெர்மாஸு."

மகளுக்கு வேறு தெர்மாஸ் வாங்கிவிட்டேன். உங்களை நான் கேட்டுக்கொள்வதெல்லாம், குழாயை விட்டுவிடுங்கள், பொட்டு வைத்தே ஆகவேண்டுமென்றால் என் நெற்றியில் வைத்துவிட்டுப் போங்கள்.