நூர் ஆகா வீட்டாரின் கார்டு

வசுமதியைப் பற்றி எழுதச் சொன்னால் அவளுக்குச் சால்வை போர்த்திய நாளிலிருந்துதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். எனக்கு அந்த நாளிலிருந்து ஆரம்பிக்க மனசு வரவில்லை. கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி.

கல்கத்தா பவானிபூரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சின்ன ஆஸ்பத்திரி எங்களுடையது. நான் ஊசி போடும் அறையில் நர்ஸ். பெயர் தமயந்தி, அப்பா ஹவுராவில் ரயில்வே பட்டறைக்காரர். வசுமதி பதிவு கவுண்டரில் இருக்கிறாள். லேக் மார்க்கெட் பக்கத்து பேங்க் ஆபீசர் குடும்பம், மூன்று தலைமுறையாகக் கல்கத்தா. ஆஸ்பத்திரி முழுக்க அவளை வங்காளி உச்சரிப்பில் "போஷு தீ", அதாவது வசு அக்கா, என்றுதான் கூப்பிடும். பதினெட்டு வருஷமாக மத்தியானச் சாப்பாட்டை நாங்கள் இரண்டு பேரும் பங்கு போட்டுச் சாப்பிடுகிறோம். அவள் ரசம் நன்றாக இருக்கும், பேச்சு அதைவிடக் காரம்.

இரண்டாயிரத்து இருபத்தொன்றின் கடைசியில் நூர் ஆகா எங்கள் கவுண்டருக்கு வந்தார். ஆப்கானிஸ்தான்காரர். முப்பது வருஷமாக இந்த ஊரில் தெருத்தெருவாகப் பெருங்காயமும் உலர்ந்த பழமும் விற்பவர், வங்காளி என்னைவிட நன்றாகப் பேசுவார். ஊரில் நிலைமை கெட்டதும் மனைவியையும் தம்பி குடும்பத்தையும் இங்கே வரவழைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு மனைவியைக் காட்டத்தான் வந்தார். அந்த அம்மாள் உச்சி முதல் கால் வரை நீல அங்கியில், அவருக்கு இரண்டடி பின்னால் நின்றாள்.

"பேஷண்ட் பேர்?" என்று வசுமதி கேட்டாள்.

அவர் தரையைப் பார்த்தார். பெஞ்சில் இருந்த கூட்டம் அவரைப் பார்த்தது. வீட்டுப் பெண்ணின் பெயரை அந்நிய ஆண்கள் காதில் விழச் சொல்வது அவர்களுக்குப் பெரிய மானக்கேடு. அதை யாரும் வசுமதிக்குச் சொல்லித் தரவில்லை, அவளே புரிந்துகொண்டாள். அதற்குக் காரணம் இருந்தது.

அவளுக்கு ஒன்பது வயதில் அவள் அப்பா கோவிந்தராஜன் டிராம் நிறுத்தத்தில் மயங்கி விழுந்து, யாரோ ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். அம்மா இவளை இழுத்துக்கொண்டு ஓடினாள். ஜன்னலில் இருந்தவன் நோயாளியின் பெயரைக் கேட்டான். புருஷன் பெயரைச் சொல்லி வழக்கமில்லாத அம்மாவுக்கு வாய் திறக்கவில்லை. மறுபடி கேட்டான். வரிசையில் யாரோ சிரித்தார்கள். கடைசியில் ஒன்பது வயதுப் பெண்தான் எம்பி நின்று அப்பா பெயரைக் கத்தினாள். அப்பா பிழைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு மட்டும் அவளுக்குள் அப்படியே இருந்தது.

"என் கவுண்டர்ல எவளும் அப்படி நிக்கப்படாதுடி" என்பாள்.

அதனால் நூர் ஆகாவிடம் மறுமுறை கேட்கவில்லை. கார்டில் 'நூர் ஆகா வீட்டார், வயது 41' என்று எழுதி, அந்த அம்மாளிடம் பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டு உள்ளே அனுப்பினாள். நூர் ஆகா நெஞ்சில் கை வைத்து வணங்கினார்.

சேதி பரவியது. எங்கெங்கோ இருந்த ஆப்கானியர் குடும்பங்கள் எங்கள் ஆஸ்பத்திரியைத் தேடி வந்தன. வசுமதி அவர்களுக்காக ஒவ்வொன்றாகச் செய்தாள். பெண் டாக்டர் இருக்கும் நாட்களில் அவர்களுக்கு நேரம் ஒதுக்கினாள். தன் பழைய காட்டன் புடவைகளைத் தைத்து என் அறைக்குத் திரை போட்டாள். ரம்ஜான் மாதத்தில் மாத்திரை வேளைகளை நோன்புக்குத் தக்கபடி டாக்டரை மாற்றி எழுத வைத்தாள். வலிக்கிறதா, எத்தனை நாளாக என்று அவர்கள் பாஷையில் கேட்கவும் கற்றுக்கொண்டாள், மயிலாப்பூர் உச்சரிப்போடு. ஆண்டு விழாவில் செயலாளர் அவளைப் பாராட்டிப் பேசிச் சால்வை போர்த்தினார்.

"போட்டோவுல நல்லா இருக்கே. லேக் மார்க்கெட்ல இனி உனக்கு முருங்கைக்காய் சும்மாவே குடுப்பான்" என்றேன்.

"வாயை மூடிண்டு சாப்பிடு" என்றாள். முகமெல்லாம் சந்தோஷம்.

நூர் ஆகாவின் மனைவிக்கு இதய வால்வில் கோளாறு. மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி. கார்டில் தேதி போட்டு வைத்திருந்தோம். அவள் வருவாள், ஊசி நாளில் மட்டும் வாங்கும் ரேகையைக் கவுண்டரில் வைப்பாள், திரைக்குள் போட்டுக்கொள்வாள், போவாள். மூன்று வருஷம் இப்படியே போயிற்று.

போன ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. நூர் ஆகா சிலிகுரிக்குப் போயிருந்தார். அவர் தம்பி ஜமால் அதே கார்டை எடுத்துக்கொண்டு வந்தான். இந்தி அரைகுறை, வங்காளி சுத்தமாக வராது. கூட அதே நீல அங்கி. ஊசிக்கு என்று வராததால் கவுண்டரில் ரேகை வாங்கவில்லை. டாக்டர் அறையில் கூட்டம் அலைமோதியது. தொண்டை வலி, காய்ச்சல் என்று ஜமால் சைகை காட்டினான். டாக்டர் கார்டைப் பார்த்தார், ஊசித் தேதி இரண்டு நாள் தாண்டியிருந்தது. "அது முதல்ல போடுங்க" என்று எழுதினார்.

நான் வழக்கம்போல ஜமாலை வெளியே நிறுத்திவிட்டுத் திரையை இழுத்தேன். பெண்கள் மட்டும், அதுதானே எங்கள் மரியாதை. மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கும் சோதனை ஊசி போடவில்லை. மூன்று வருஷமாகப் போட்டுக்கொள்பவளுக்கு எதற்குச் சோதனை? நான் மருந்தைக் கலக்கும்போது அவள் என் மணிக்கட்டைப் பிடித்து ஏதோ சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். ஊசிக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். "பயமில்லை, பயமில்லை" என்று வங்காளியில் சொல்லிக்கொண்டே கையை மெதுவாக விடுவித்துவிட்டுப் போட்டேன்.



இரண்டு நிமிஷம் கூட ஆகவில்லை. மூச்சு விசில் அடித்தது. அங்கியை விலக்கினேன். உதடு வீங்கி, கழுத்தெல்லாம் தடிப்புத் தடிப்பாகச் சிவந்திருந்தது. நாடி கைக்கு அகப்படவில்லை. நான் போட்ட கூச்சலில் டாக்டர் ஓடி வந்தார். தொடையில் அட்ரினலின் போட்டார், ஆக்ஸிஜன் வைத்தோம். ஒன்றும் தேறவில்லை.

"அடுத்த டோஸ், டாக்டர்?" என்றேன்.

அவர் கார்டைப் பார்த்தபடி நின்றார். "வால்வு கேஸ். ஸலைனை வேகமா விட்டா நுரையீரல்ல தண்ணி கட்டிடும். இன்னொரு டோஸை இந்த இதயம் தாங்குமா?" என்றார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். கார்டு அப்படித்தான் சொன்னது.

அதற்குள் வசுமதி வந்துவிட்டாள். கட்டிலோரம் தொங்கிய அந்தக் கையைப் பார்த்தவள் அப்படியே நின்றாள். மூன்று வருஷமாக ரேகை வாங்குகிறவள். நூர் ஆகா மனைவியின் புறங்கையில் பச்சை குத்திய மூன்று புள்ளி உண்டு என்று எத்தனையோ முறை என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

"தமயந்தி, இது அவா இல்லைடி. கையைப் பாரு. புள்ளி இல்லை."

வசுமதி திரையைக் கிழிக்காத குறையாக விலக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். ஜமால் சுவரோடு ஒட்டி நின்றிருந்தான். அவன் முன்னால் நாற்பது பேர், எழுந்து நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யார் இது? நூர் ஆகா மனைவியா? வேற யாராவதா? இவ பேர் என்ன?" என்று இந்தியில் கேட்டாள்.

அவன் வாயைத் திறந்தான், மூடினான். நாற்பது பேரையும் பார்த்தான். தரையைப் பார்த்தான். வசுமதி பிறகு என்னிடம் சொன்னாள், அந்தக் கணம் தன் அம்மாவைத்தான் பார்த்ததாக. எந்த நிமிஷத்திலிருந்து எல்லோரையும் காப்பாற்றுகிறேன் என்று வாழ்நாளெல்லாம் ஓடினாளோ, அதே நிமிஷத்தில் அவளே ஜன்னலுக்கு இந்தப்பக்கம் நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

"அவ செத்துண்டிருக்கா. சொல்லுப்பா." இது தமிழில் வந்தது. அவனுக்கு அது புரிந்துவிட்டது.

அவன் வசுமதிக்குப் பதில் சொல்லவில்லை. திரையைப் பார்த்துத் தன் மனைவியைக் கூப்பிட்டான். "ஸர்மீனா" என்று, கூடம் முழுக்கக் கேட்கும்படி. மறுபடியும் கூப்பிட்டான். தன் நெஞ்சில் அடித்துக்கொண்டு, "என்னுடையவள், என்னுடையவள்" என்று இந்தியில் சொன்னான். வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"வேற பொண்ணு, டாக்டர். இவளுக்கு வால்வு கோளாறு கிடையாது" என்று வசுமதி சொல்லி முடிக்கும் முன்பே இரண்டாவது டோஸ் ஏறிவிட்டது. ஸலைனை முழுசாகத் திறந்துவிட்டோம். ஆறு நிமிஷம் கழித்து நாடி கைக்குக் கிடைத்தது. அவள் கண் திறந்தபோது நான் அங்கியை இழுத்துப் போர்த்திவிட்டேன். சிறுவயதில் ஒருமுறை பென்சிலின் போட்டுச் சாகக் கிடந்தவளாம் அவள். இந்த மருந்து எனக்கு ஆகாது என்றுதான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள்.

விசாரணை நடந்தது. டாக்டர், நான், வசுமதி மூன்று பேரும் எங்கள் தப்பை எழுதிக் கொடுத்தோம். அந்தக் கார்டை அவர்கள் ஏமாற்றுவதற்காகக் கொண்டு வரவில்லை. 'நூர் ஆகா வீட்டார்' என்று நாங்களே எழுதிக் கொடுத்தால், அது வீட்டுக்கே உரிய கார்டு என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பார்கள்?

விசாரணை முடிந்த அன்று மாலை வசுமதி அலமாரியைத் திறந்து கார்டுகளை எடுத்து மேஜைமேல் அடுக்கினாள். எல்லாம் அவள் கையெழுத்து. எல்லாவற்றிலும் ஓர் ஆண் பெயர், பக்கத்தில் 'வீட்டார்'.

"இருபத்தாறு" என்றாள். "இருபத்தாறு வீடு இருக்கு தமயந்தி. இதுல எத்தனை பொம்மனாட்டின்னு எனக்குத் தெரியலை." அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் கார்டை எடுத்துக்கொண்டு நூர் ஆகா வீட்டுக்கே போனோம். திட்டப்போகிறார், கதவைச் சாத்தப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேதான் நான் போனேன். அவர் எங்களை உட்காரவைத்து ஏலக்காய் போட்ட பச்சைத் தேநீர் கொடுத்தார். வந்த காரியத்தைச் சொன்னதும் தம்பியையும் கூட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார்.

உள் அறைத் திரையை விலக்கினோம். ஸர்மீனா தலையணையில் சாய்ந்திருந்தாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவள் பக்கத்தில் கையில் மூன்று புள்ளியோடு நூர் ஆகாவின் மனைவி. அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர்: அவர்களுடைய மாமியார், கல்யாண வயதில் ஒரு பெண், ஐந்து மாத வயிற்றோடு ஒருத்தி. மூவரும் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார்கள். ஒரே கார்டில்.

வசுமதி பாயில் உட்கார்ந்து ஐந்து புதுக் கார்டுகளை மடியில் வைத்துக்கொண்டாள். மூன்று புள்ளிக்காரியிடம்தான் முதலில் கேட்டாள். குரல் எழும்பவில்லை, ரகசியம் கேட்பவள்போலக் குனிந்து கேட்டாள். "உங்க பேர் என்ன? சொல்ல இஷ்டம் இருந்தா மட்டும் போறும்."

அந்த அம்மாள் டி.வி. பார்த்துக் கற்ற இந்தியில் சாதாரணமாகச் சொன்னாள்.

"பீபி குல். ஆம்பளைங்கதான் சொல்லக் கூடாது, எங்களுக்கு என்ன? உன் விரல்தான் மாசாமாசம் என் விரலைப் பிடிச்சு மையில வெச்சுதே. அப்பவே காதோட கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். மூணு வருஷமா நீ கேப்பேன்னு பார்த்தேன். கேக்கலை."

வசுமதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் பதினெட்டு வருஷத்தில் பார்த்ததில்லை. பேனா மூடியைத் திறந்தாள். பிறகு எழுதினாள்: பீபி குல், வயது 44.