வாப்பாட விசில்

எங்கட பக்கம் கலியாணம் முடிஞ்சா மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வருவார். கல்முனையில பொண்ணாப் பொறந்தவளுக்கு வீடும் வளவும் சீதனம். அதை விட்டுட்டு மாமியார் வீட்டில போய் இருக்கிற கதையே கிடையாது. எனக்கு வாய்ச்சவர் மாவனல்லைப் பக்கத்து மலைநாட்டு மனுசன். அட்டாளைச்சேனைக்கு ஆசிரியர் பயிற்சிக்கு வந்தவர். படிப்பு முடிய எங்கட ஊருக்குக் கிட்டவே ஒரு பள்ளிக்கூடத்தில வேலை கிடைச்சு, யாரோ இடையில பேசி, என்ட வாப்பாக்கு மருமகனாகிட்டார். சூறாவளி வந்து தென்னைகளை முறிச்சுப் போட்டதுக்கு அடுத்த வருசம் அது.

நல்ல மனுசன்தான், ஆனா வாயைத் திறக்க மாட்டார். "இருக்கு" எண்டதை நாங்க "இரிக்கி" எண்டு சொல்லுவம், அவர் "ஈக்கி" எண்பார். வகுப்பில புள்ளைகள் வாயைப் பொத்திச் சிரிக்கும். வீட்டுக்கு வந்தா என்ட மச்சிமார் பொத்தாமலே சிரிப்பாளுகள். கொஞ்ச நாள்ல மனுசன் கதைக்கிறதையே விட்டுட்டார். உம்மா மூணு நேரமும் மருமகனுக்கு வகை வகையா ஆக்கி வைப்பா. அவர் ரெண்டு வாய் வச்சுட்டுக் கையைக் கழுவிடுவார். உம்மா திரும்பி என்னைத்தான் முறைப்பா, என்னமோ நான்தான் அவர்ட வாயைத் தைச்சு வச்சிருக்கிற மாதிரி.

ஒருநாள் காலையில தேத்தண்ணி கொண்டு போன நேரம், கோப்பையை வாங்காமலே சொன்னார்: "வருச முடிவில எங்கட ஊருக்கு வேலை மாற்றம் கேக்கப் போறேன். நீங்களும் வந்தா எனக்குச் சந்தோசம்."

எனக்கு வந்த கோபம்! "தாராளமாப் போங்க. நான் ஏன் வாறன்? என்ட வீடு இஞ்சதானே இரிக்கி" எண்டு கோப்பையை டொக்கெண்டு வச்சுட்டு வந்துட்டன். குசினிக்குள்ள வந்து ஒரு கூடை வெங்காயத்தை இழுத்து வச்சு உரிச்சன். வெங்காயம் உரிக்கிறவள் எவ்வளவு அழுதாலும் ஒருத்தரும் ஏனெண்டு கேக்க மாட்டாங்க. இப்பிடி மாற்றம் வாங்கிப் போன மாப்பிள்ளைமார் திரும்பி வந்ததை எங்கட தெருவில நான் கண்டதில்ல.

பள்ளிக்கூட விடுமுறை வந்தது. வாப்பா, பாவம், மருமகன் வீட்டுக்குள்ளயே முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாரேயெண்டு எங்களை வயலுக்குக் கூட்டிப் போனார். வாப்பாட வயல் நாவிதன்வெளிக்கும் அங்கால, மேற்கே, பட்டிப்பளை ஆத்தோரமா இருந்தது. ட்ரக்டர் பெட்டியில சோத்துச் சட்டியோட நானும் ஏறிக்கிட்டன். அவர் தோள்ல ஒரு தூரக்கண்ணாடி தொங்கிச்சு. ஒரு பக்கம் மங்கல், மத்தப் பக்கத்தால மட்டும்தான் பார்க்கலாம்.

போற வழியெல்லாம் அந்த ஒற்றைப் பக்கத்தை அவர் கண்ணிலிருந்து எடுக்கவேயில்ல. களப்புப் பக்கம் கூழைக்கடா, நீர்க்காகம். வரம்பில ஆள்காட்டி. கம்பியில மீன்கொத்தி. எல்லாம் நாங்க பொறந்ததிலிருந்து பார்க்கிறதுதான். பார்க்கிறதெண்டா என்ன, தகரத்தைத் தட்டி விரட்டுறதுதான். எங்களுக்குப் பறவையெண்டா ஒண்டு நெல்லுத் தின்னுற சாதி, இல்லாட்டி நாங்க தின்னுற சாதி. இதைக் கண்ணாடி போட்டுப் பார்க்க ஒரு வாத்தியாரா எண்டு ட்ரக்டர் ஓட்டினவர் திரும்பித் திரும்பிச் சிரிச்சார்.

வயலுக்கு அங்கால ஆத்தோரம் பெரிய பெரிய மருத மரங்கள். மேற்கே மலையிலிருந்து இறங்கிற காடு, ஆத்தை விடாமப் பிடிச்சுக்கொண்டே வந்து எங்கட வரம்போட நிண்டிருந்தது. வெளியில வெயில் கொளுத்தும், உள்ளுக்குள்ள ஈரம். நான் சோத்துச் சட்டியை இறக்கி வைக்கிறன், காட்டுக்குள்ளிருந்து ஒரு விசில் சத்தம். படி ஏறுற மாதிரி மேல மேல போகுது. அது முடியிறதுக்குள்ள இன்னொரு குரல் எடுத்துக்கொண்டு போகுது.

அவர் வேலையாட்களுக்கு முன்னால எட்டி என்ட கையைப் பிடிச்சிட்டார்! எனக்கு வெட்கத்தில உசிர் போச்சு.

"ஹபன் குகுளா!" எண்டார். "எங்கட ஊர்ச் சத்தம் இது. மழைக்காட்டுப் பறவை. இங்க எப்படி ஈக்கி?"

அது சிங்களப் பேர். எங்களுக்கு அது ஒரு வகைக் காட்டுக்கோழி, அவ்வளவுதான். ஆண் தொடங்கினாப் பெட்டை பதில் சொல்லுமாம். ஒண்டு தனியக் கூப்பிட்டா அந்தப் பாட்டு முடியாதாம். அவர் வீட்டுக்குப் பின்னால விடியக்காலையில கேட்டு வளர்ந்த சத்தமாம், ஆனா ஒருநாளும் கண்ணால கண்டதில்லயாம். அவ்வளவு கூச்சமாம் அதுக்கு. "ஆத்து நிழல்லயே நடந்து நடந்து இவ்வளவு தூரம் வந்திருக்கு" எண்டார்.

"அப்ப அதுவும் மாப்பிள்ளையா வந்திருக்கு" எண்டன் நான்.

மனுசன் சிரிச்சார். கலியாணம் முடிச்சு அண்டைக்குத்தான் அவர்ட பல்லைக் கண்டன்.

அதுக்குப் பொறகு சனிக்கிழமையெண்டா ஆத்தங்கரைதான். அவர் பத்தைக்குள்ள நெஞ்சால படுத்துக் கிடப்பார். நான் தேத்தண்ணிப் பிளாஸ்கோட பக்கத்தில இருப்பன். கோழி கண்ணில படவேயில்ல. ஆனா காத்துக் கிடக்கிற நேரத்தில அவர் கதைச்சார். அவங்க உம்மாவைப் பத்தி, தகரக் கூரையில அடிக்கிற மழையைப் பத்தி, எங்கட கடலைக் கண்டு முதல்ல பயந்ததைப் பத்தி. இவ்வளவு கதையையும் எங்க வச்சிருந்தீங்க எண்டு கேட்டன். அந்தச் சனிக்கிழமைகள்லதான் எனக்கு அவர் மேல உண்மையான ஆசை வந்தது. மாற்றத்தைப் பத்தி மட்டும் அவரும் சொல்லல்ல, நானும் கேக்கல்ல. கேக்கப் பயம்.

இதையெல்லாம் வாப்பா வயல் வாடிக் குடிசையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கார். என்ட வாப்பா வாயால அன்பு காட்டத் தெரியாத மனுசன். மருமகன் கிழமைக்குக் கிழமை ஒரு காட்டுக்கோழிக்காக மண்ணில உருளுறார். வீட்டில உம்மா ஆக்கிறது ஒண்டும் அவர் தொண்டைக்குள்ள இறங்குதில்ல. வாப்பா ரெண்டையும் சேர்த்துப் பார்த்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிஞ்சு வந்து வாப்பாவும் அவரும் சஹனுக்கு முன்னால இருந்தாங்க. எங்கட ஆம்பிளைகள் ஒரே பெரிய தட்டில ஒண்டாக் குந்திச் சாப்பிடுவாங்க, அதுதான் சஹன். நான் கதவுச் சீலைக்குப் பின்னால நிண்டன். வாப்பா கறிக் கோப்பையை இழுத்து, நல்ல துண்டுகளாப் பார்த்து மருமகன்ட பக்கம் வச்சார். முகமெல்லாம் சிரிப்பு.

"தின்னுங்க மருமகன். நீங்க ஆசைப்பட்ட அந்த ஆத்தங்கரைக் கோழி. முல்லைக்காரரிட்டச் சொல்லிக் கண்ணி வச்சுப் பிடிச்சன்." முல்லைக்காரர் எங்கட வயலைப் பார்த்துக்கொள்றவர்.

என்ட அல்லாஹ்வே! அவர்ட கை சோத்துக்கு மேல அப்படியே நிண்டது. முடிஞ்சுது, இனி இந்த மனுசன் எங்கட வீட்டில ஒரு நிமிசமும் இருக்க மாட்டார் எண்டு நினைச்சன்.

அவர் நிமிர்ந்து வாப்பாட முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மறுகா பிஸ்மி சொல்லி ஒரு துண்டை எடுத்துத் தின்னார்.

"நல்லா ஈக்கி, மாமா" எண்டார்.

சஹனில ஒரு துண்டும் மிச்சம் வைக்கல்ல. கையைக் கழுவிட்டுக் கிணத்தடிக்குப் போனவர் அப்படியே நிண்டுட்டார். சாம்பல் குவியலுக்கு மேல கறுப்பில வெள்ளைப் புள்ளி போட்ட இறகுகள் கிடந்தது. பக்கத்தில கூடையொண்டு கவுந்து கிடந்தது, மேல கல்லு.

"அது மத்தது. பெட்டை. அடுத்த வெள்ளிக்கு" எண்டு உம்மா குசினிக்குள்ளிருந்து சந்தோசமாச் சொன்னா.

அவர் குந்தி, கூடை இடுக்கால பார்த்தார். மண்ணிறம், சிவந்த கால். உள்ளிருந்து ஒரு கண் அவரைப் பார்த்தது. வாழ்நாளெல்லாம் கேட்டதை அவர் அப்பதான் முதன்முதலாக் காணுறார். அவர்ட தோள் குலுங்கினதைக் கண்டதும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"வாப்பா!" எண்டு கத்தினன். "அவர் தின்னவா அங்க போனார்? சத்தம் கேக்கப் போனார்! அவர்ட ஊர்ச் சத்தம்! அது இல்லாட்டி இவர் இஞ்ச எப்படி இருப்பார்?"

வாப்பா வாசல்படியில நிண்டார். கூடையைப் பார்த்தார், இறகைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார். மறுகா சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு கூடையை ரெண்டு கையாலயும் தூக்கினார்.

"எழும்புங்க மருமகன். ட்ரக்டரை எடுக்கச் சொல்லுறன்."

மூணு பேரும் போனம். ஆத்தங்கரையில வாப்பாதான் கூடையைத் திறந்தார். பெட்டை ஒரே ஓட்டம், காட்டுக்குள்ள மறைஞ்சிட்டு. நாங்க நிண்டம். ஒரு சத்தமும் இல்ல. கூப்பிட்டாலும் பதில் சொல்ல ஆணில்லயே. இண்டைக்கும் அதை நினைச்சா எனக்கு நெஞ்சு கரிக்கும்.

அந்த அமைதி வாப்பாக்குத் தாங்கல்ல. ஹாஜியார் தொப்பியோட, சேத்துக்குள்ள நிண்டுகொண்டு, உதட்டைக் குவிச்சு விசிலடிக்கத் தொடங்கினார். அந்தக் கோழி மாதிரியாம்! காத்துத்தான் வந்தது. திரும்பவும் அடிச்சார். கேத்தல் கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. எனக்குச் சிரிக்கவும் ஏலாம அழவும் ஏலாமப் போச்சு.

அவர் முகத்தைத் துடைச்சார். "அப்படி இல்ல, மாமா. கீழ இருந்து மேல போகணும்" எண்டு தானும் ஒரு விசில் அடிச்சார். வாப்பா தொடங்க, அவர் எடுத்துக்கொண்டு போனார். இருட்டுப்படும் வரைக்கும் ரெண்டு பேரும் இதேதான்.

அதுக்குப் பொறகு கண்ணி வைக்க வாப்பா ஒருத்தரையும் விடல்ல. விசிலையும் விடல்ல. சைக்கிள்ல போகக்குள்ளயும் வரம்பில நடக்கக்குள்ளயும் ஊதிப் பார்ப்பார். இந்த மனுசனுக்கு விசர் பிடிச்சிட்டெண்டு உம்மா ஏசுவா.

வருசம் முடிஞ்சது. நான் நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டன், "மாற்றம் கேட்டீங்களா?"

"இல்ல" எண்டார். "மாமாக்கு இன்னும் விசில் சரியா வரல்லயே. அது வந்த பொறகு கேப்பம்."

எங்களுக்குப் புள்ளைகள் பொறந்தாங்க, வளர்ந்தாங்க. வாப்பா மௌத்தாகும் வரைக்கும் அவருக்கு அந்த விசில் சரியா வரவேயில்ல, அல்ஹம்துலில்லாஹ்.