ஸ்பொன்சர் வேறு, ஸ்பவுஸ் வேறு

ஊர்காவற்றுறையில் எங்களுக்கு ஆங்கிலம் படிப்பித்த மாஸ்டர், ஒரே எழுத்துகளில் தொடங்கும் பெயர்ச்சொற்களைக் கும்பலாகக் கரும்பலகையில் எழுதிவிடுவார். ஸ்பூன் என்றால் கரண்டி, ஸ்பைடர் என்றால் சிலந்தி. ஒன்றைப் பிடித்தால் மற்றது தானாக வருமாம். வெளிநாட்டிலிருந்த கணவரிடம் போய்ச்சேர வேண்டுமே என்று நானும் கரம்பொன்னிலிருந்து பஸ் ஏறிப்போய் அவற்றை நெட்டுருப் பண்ணினேன். ஸ்பொன்சர் என்று எழுதியபோது மட்டும் அவர் அர்த்தம் சொல்லவில்லை. தீவுப்பகுதியில் அது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும் என்றார். வகுப்பே சிரித்தது.

எங்கள் வீட்டில் ஸ்பொன்சர் என்றால் ஒரே ஆள்தான், என் கணவரின் தமையன். இவரை அங்கே கூப்பிட்டவர், வேலை பிடித்துக் கொடுத்தவர், என்னைப் படத்தில் பார்த்துச் சம்மதம் சொன்னவர். கலியாணத்துக்கு அவர் வரவில்லை. ஆனால் மணவறைச் சோடனைகூட போனில் அவர் சொன்னபடிதான் நடந்தது. லீவு முடிய என் கணவர் விமானம் ஏறினார். அந்தக் கொஞ்ச நாளும் நாங்கள் சந்தோசமாகத்தான் இருந்தோம், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு கொழும்பில், தூதரகத்தில் நேர்முகம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லும்படி தமையனார் முதல்நாளே கட்டளையிட்டிருந்தார். ஆங்கிலத்தில் கதைத்தால் மதிப்பாம். கண்ணாடிக்கு அப்பாலிருந்த வெள்ளைக்காரி, என் ஸ்பவுசை எத்தனை தரம் சந்தித்தேன் என்று கேட்டாள். ஸ்பவுஸ்! பிறந்த நாள் தொட்டு நான் கேட்டிராத சொல். ஹஸ்பண்ட் என்று கேட்டிருந்தால் அவளுக்கு நாக்குத் தேய்ந்தா போயிருக்கும்? ஸ்பொன்சரைத்தான் சுருக்கிச் சொல்கிறாளாக்கும் என்று நினைத்தேன்.

ஒருநாளும் சந்திக்கவில்லை, போனில்தான் கதைத்திருக்கிறேன் என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவருடைய குடும்பத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னாள். மாஸ்டர் பழக்கியபடி முழு வசனமாகவே சொன்னேன்: அவருக்கு மனைவி இருக்கிறார், இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், மனைவி மிகவும் நல்லவர். அங்கே போனால் எங்கே தங்குவீர் என்றாள். அவர்களோடுதான், மேல்மாடி அறையில் என்றேன். அவள் தட்டச்சிக்கொண்டே இருந்தாள். எனக்கோ சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. ஓரிடத்திலும் திக்காமல் கதைத்துவிட்டேனே!

விசா இல்லை என்று வந்தது. இது உண்மையான கலியாணமே இல்லையாம். கணவனை நான் கண்டதேயில்லையாம், அவனுக்கு வேறு மனைவி இருப்பதாக நானே ஒப்புக்கொண்டேனாம். அகராதியைப் புரட்டினேன். ஸ்பொன்சருக்குச் சற்றுத் தள்ளி, அதே எழுத்துகளில் தொடங்கி, ஸ்பவுஸ் கிடந்தது. வாழ்க்கைத்துணை என்று போட்டிருந்தது. அகராதியைத் தூக்கிச் சுவரில் அடித்தேன்.

மேன்முறையீடு செய்யலாம், ஆனால் கணவர் வந்து இது உண்மையான கலியாணம்தான் என்று சொல்ல வேண்டும் என்றார் சட்டத்தரணி. கட்டினவர் சொல்லமாட்டாரா என்ன? உடனே அவருக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணைக்குப் பெரிய வெக்கக்கேடாப் போச்சு. இனி இதிலை மினக்கெட வேண்டாமெண்டு சொல்லிப்போட்டார்" என்றார்.

"நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"அண்ணை சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

எனக்கு விசர் ஏறியது. "நான் ஆரைக் கட்டினனான்? உங்களையோ, உங்கட அண்ணையையோ?"

அந்தப் பக்கம் தமையனின் பிள்ளைகள் சண்டை பிடிக்கும் சத்தம் கேட்டது.

"உம்மோடை கதைக்க ஏலாது. அண்ணையை எடுக்கச் சொல்லுறன்" என்று வைத்துவிட்டார்.

சொன்ன சொல் தவறாமல், கொஞ்ச நேரத்தில் தமையனார் போன் எடுத்தார். இவர் அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை.